காற்றழுத்தத்தால் ஏறும் வீட்டு லிஃப்ட்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

வீட்டுக்குள் ஒளி ஊடுருவும் குழாய் போல நிற்கும் வட்ட லிஃப்ட்டைப் பார்த்தவுடன் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இது எப்படி மேலே போகிறது? கீழே விழுந்துவிடாதா? இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கிறது, கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் பலர் கேட்காமலே விட்டுவிடுகிற மூன்றாவது கேள்விதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இதில் ஏறப்போவது யார், இன்னும் பத்து வருடம் கழித்து அவர் எப்படி நடமாடுவார்? லிஃப்ட்டின் அளவு, கதவு, இடம் எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தவை.

கயிறும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்புறம் எது தூக்குகிறது?

கேபினுக்குக் கீழே இருக்கும் சாதாரணக் காற்று. குழாயின் உச்சியில் உள்ள டர்பைன், கேபினுக்கு மேலே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. மேலே அழுத்தம் குறைகிறது. கீழே நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம் கேபினை மேலே தள்ளுகிறது. கேபினின் கூரையைச் சுற்றி ஒரு சீல் குழாய்ச் சுவரோடு ஒட்டி நகர்கிறது. காற்று பக்கவாட்டில் நழுவி மேலே போகாமல் தடுப்பது அதுதான்.

ஊசியில்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துவிட்டு விடுங்கள். தண்டு தானாக உள்ளே ஓடும். அதை ஓட வைப்பது வெளியிலுள்ள காற்றுதான். லிஃப்ட்டில் கேபின்தான் அந்தத் தண்டு.

இறங்கும்போது டர்பைன் வேலை செய்வதில்லை. ஒரு வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மேலே காற்றை உள்ளே விடுகிறது. அது நுழைகிற வேகத்தில்தான் கேபின் இறங்கும்.

இரண்டு ஆட்களின் எடையைக் காற்று தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பே போய்விடும். கேபினும் ஆட்களும் சேர்ந்து 400 கிலோ என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அதைத் தூக்க ஏறக்குறைய 3,900 நியூட்டன் விசை வேண்டும். கேபின் கூரையின் விட்டம் 90 செ.மீ. என்றால் அதன் பரப்பு 0.64 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6,100 நியூட்டன், அதாவது சுமார் 6 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, மேலே உள்ள காற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு அழுத்தத்தைக் குறைத்தாலே போதும், கேபின் கிளம்பிவிடும்.

"வெற்றிட லிஃப்ட்" என்று பெயர் இருந்தாலும் உள்ளே வெற்றிடம் என்று எதுவும் உருவாவதில்லை. லேசான அழுத்தக் குறைவு, அவ்வளவுதான். பரப்பு பெரிதாக இருப்பதால் அந்தச் சிறு குறைவே பெரிய விசையாகிவிடுகிறது.

அப்படியானால் ஒரு வாக்குவம் கிளீனர் மோட்டாரே போதுமா?

அழுத்தத்தைப் பொறுத்தவரை போதும். வீட்டு வாக்குவம் கிளீனர் 20 கிலோபாஸ்கல் அளவுக்குக்கூட உறிஞ்சும். போதாதது காற்றின் அளவு. நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில் கேபின் ஏற வேண்டுமென்றால் நொடிக்கு ஏறக்குறைய 95 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். சீல் வழியாகக் கசிவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்று அதில் பாதியைக்கூட எட்டாது. அதனால்தான் லிஃப்ட்டின் தலையில் பல டர்பைன்களை வரிசையாக வைக்கிறார்கள். பல இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்.

உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாதா? காது அடைக்காதா?

இல்லை. அழுத்தம் குறைவது கேபின் கூரைக்கு மேலேதான். ஆள் நிற்கும் பகுதி கீழ்ப்பக்கக் காற்றோடு தொடர்பில் இருக்கிறது. அதாவது வீட்டுக்குள் உள்ள அதே காற்று, அதே அழுத்தம். ஆஸ்துமா உள்ளவர்களும் காது அறுவை செய்தவர்களும் இதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மாடிப்படி ஏறும்போது காதில் என்ன நடக்குமோ அதற்கு மேல் இதில் எதுவும் நடக்காது.

அடைந்த இடங்களைக் கண்டால் பதறுகிறவர்கள் விஷயம் வேறு. சுற்றிலும் வெளியே தெரிவதால் பலருக்கு இது மூடிய லிஃப்ட்டைவிட நிம்மதியாக இருக்கிறது. சிலருக்கு உயரம் தெரிவதே பயமாகிறது. காட்சிக்கூடத்தில் ஏறிப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

விழுந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த லிஃப்ட்டின் மிகச் சிறந்த குணமே இதில்தான் இருக்கிறது.

கயிற்று லிஃப்ட்டில் கயிறு அறுந்தால் கேபினைப் பிடிக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க் கண்காட்சியில், தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி மக்கள் முன் காட்டியது அந்தக் கருவியைத்தான். காற்றழுத்த லிஃப்ட்டிலோ அறுவதற்கே எதுவும் இல்லை. டர்பைன் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபின் கீழே போக வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள இடம் பெரிதாக வேண்டும். அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வரும் வழி சிறியது. வேகமாக இறங்க முயன்றால் மேலே அழுத்தம் இன்னும் குறைந்து கேபினைப் பிடித்து நிறுத்தும். எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல், இயற்பியலே பிரேக் போடுகிறது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, குழாய்ச் சுவரிலோ உச்சியிலோ பெரிய ஓட்டை விழுந்து காற்று தடையில்லாமல் உள்ளே பாய்வது. அது அரிது. இருந்தாலும் அதற்காகவே கேபினில் இயந்திரப் பிரேக் இருக்க வேண்டும்: இறங்கும் வேகம் எல்லையை மீறினால் அது வழிகாட்டித் தண்டுகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விற்பனையாளர் "இதற்குப் பிரேக்கே தேவையில்லை, காற்றே தாங்கும்" என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். இரண்டும் வேண்டும்.

தளத்தில் நிற்கும்போது கேபினைக் காற்று தாங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபின் தளத்தை எட்டியதும் பூட்டுகள் நீண்டு அதைத் தாங்குகின்றன, டர்பைன் ஓய்ந்துவிடுகிறது. உள்ளே நின்றால் இது நன்றாகத் தெரியும். இரைச்சல் குறையும், கேபின் தளத்தைத் துளி தாண்டி ஏறி, பிறகு மெல்லப் பூட்டின் மேல் அமரும், அதன் பிறகே கதவு விடுபடும். அந்த அசைவு பழுது இல்லை. முதல் தடவை ஏறும் முதியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் திடுக்கிட மாட்டார்.

நடுவழியில் மின்சாரம் போனால்?

கேபின் மெதுவாகக் கீழ்த்தளத்துக்கு வந்து சேரும், கதவு திறக்கும். காற்று தானாகவே உள்ளே கசிந்து வருவதால் இறங்குவதற்கு மின்சாரம் தேவைப்படுவதில்லை. மற்ற பல லிஃப்ட்டுகளில் இதற்கென்று பேட்டரியும் மீட்பு மோட்டாரும் வைக்க வேண்டியிருக்கிறது.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது இதன் அடுத்த பகுதி. மேல்தளத்தில் பூட்டின் மேல் கேபின் நிற்கும்போது மின்சாரம் போனால், பூட்டை விடுவிப்பது எது? பேட்டரியா, கைப்பிடியா, அதற்குக் கேபின் சற்றே உயர வேண்டுமா? கதவுப் பூட்டு எதில் இயங்குகிறது? நேரில் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்கு எப்படியும் மின்சாரம் வேண்டும். வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் பெரும்பாலும் இந்தச் சுமையைத் தாங்காது. ஜெனரேட்டர் இருந்தால் பரவாயில்லை.

இது நிஜமாகவே கண்ணாடிதானா?

பெரும்பாலும் இல்லை. அலுமினியச் சட்டங்களுக்கு நடுவே வளைத்துப் பொருத்தியிருப்பது பாலிகார்பனேட் தகடு. "கண்ணாடி லிஃப்ட்" என்று விற்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடி இல்லை என்பது குறையும் இல்லை: பாலிகார்பனேட் எடை குறைவு, அடி விழுந்தால் சில்லாக உடையாது, அழுத்த வித்தியாசத்துக்குச் சற்றே வளைந்து கொடுக்கும். கீறல் எளிதில் விழும் என்பதும், வருடக்கணக்கில் நேர் வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பதும் அதன் பலவீனம்.

நிஜக் கண்ணாடிச் சுவர் உள்ள வீட்டு லிஃப்ட்டுகளும் உண்டு. அவை திருகு, கயிறு அல்லது எண்ணெயழுத்தத்தால் இயங்குபவை. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆகவே எதை வாங்குகிறோம் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன அளவுகளில் கிடைக்கிறது?

பரவலாகக் கிடைப்பவை மூன்று. வெளிவிட்டம் ஏறக்குறைய 75 செ.மீ. உள்ளது ஒருவருக்கு; சுமார் 159 கிலோ வரை. 93 செ.மீ. உள்ளது இருவருக்கு, 205 கிலோ வரை. 132 செ.மீ. உள்ளது மூவருக்கு அல்லது சக்கர நாற்காலிக்கு. 238 கிலோ வரை. இவை வெளி அளவுகள் என்பதை மறக்க வேண்டாம். சட்டமும் சுவரும் போக உள்ளே நிற்கும் இடம் குறைவாகத்தான் இருக்கும்.

75 செ.மீ. வகையை நான் பரிந்துரைப்பதில்லை. தோள் அகலமான ஒருவர் நின்றால் கையை அசைக்கக் கஷ்டம். கையில் துணிக்கூடை இருந்தால் அதுவும் முடியாது. கைத்தடி பிடித்தவருக்கும், பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடித்தால்தான் நிற்க முடியும் என்பவருக்கும் அது உதவாது. இடமே இல்லாத வீட்டில் வேறு வழியில்லை என்றால் சரி.

சக்கர நாற்காலி போகுமா?

பெரிய அளவில் போகும், ஆனால் "போகும்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. வட்டத்துக்குள் செவ்வகத்தை வைக்கும்போது கணக்கில் வருவது மூலைவிட்டம். 65 செ.மீ. அகலமும், காலடிப் பலகையோடு சேர்த்து 110 செ.மீ. நீளமும் உள்ள நாற்காலியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 128 செ.மீ. லிஃப்ட்டின் வெளிவிட்டமே 132 செ.மீ. என்றால் உள்ளே எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். நாற்காலி முன்பக்கம் குறுகலாக இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதை நம்பி முடிவெடுக்காமல், உங்கள் நாற்காலியை, அதில் உட்காருபவரை உட்கார வைத்து, கால்விரல் நுனி முதல் பின்சக்கரம் அல்லது முதுகுப்பக்கக் கைப்பிடி, எது அதிகம் பின்னால் நீட்டியிருக்கிறதோ அது வரை அளந்து கொண்டுபோங்கள்.

உள்ளே போன நாற்காலியைத் திருப்ப முடியாது. ஒரே பக்கம் கதவு என்றால் பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். மேல்தளத்தில் முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டு வருவது ஆபத்து. கீழே ஒரு பக்கமும் மேலே அதற்கு நேர் எதிர்ப் பக்கமும் கதவு வைத்தால் நேராக நுழைந்து நேராக வெளியேறலாம். குழாயை நிறுவும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்றுவது சாத்தியமில்லை.

துணைக்கு வருபவர் நாற்காலியோடு சேர்ந்து ஏற இடமிருக்காது. பெரிய மின்சார நாற்காலிகள் நீளத்திலும் எடையிலும் எல்லையைத் தாண்டிவிடும். நாற்காலியே 100 கிலோவுக்கு மேல் இருக்கலாம். படுக்க வைத்துத் தூக்கும் ஸ்ட்ரெச்சர் எந்த அளவிலும் போகாது. வீட்டில் உள்ளவருக்கு வளர்ந்துகொண்டே போகும் நரம்பு நோயோ தசை நோயோ இருந்தால், செவ்வகக் கேபின் உள்ள வேறு வகை லிஃப்ட்டைப் பார்ப்பதே நல்லது. அழகுக்காக வட்டக் குழாயை வைத்துவிட்டு, யாருக்காக வைத்தோமோ அவரே சில வருடத்தில் ஏற முடியாமல் போவதைவிட வருத்தமான விஷயம் இதில் இல்லை.

மூட்டுவலி உள்ள, ஆனால் நடக்கக்கூடிய முதியவருக்கு?

இந்த லிஃப்ட் மிகப் பொருத்தமாக அமைவது அவர்களுக்குத்தான். இருவர் ஏறும் அளவை வாங்குங்கள். மடக்கி வைக்கும் இருக்கையும் இடுப்பு உயரத்தில் கைப்பிடியும் கேளுங்கள். வாசலில் கேபின் தரைக்கும் வீட்டுத் தரைக்கும் இடையே தடுக்கும் மேடு எவ்வளவு என்று விரலால் தடவிப் பாருங்கள். காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடக்கிறவருக்கு சின்ன மேடே மலை. பொத்தான்கள் பெரிதாகவும், எண்கள் பார்வை மங்கியவருக்கும் தெரியும்படியும் இருக்க வேண்டும். சில மாடல்களில் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை நடுங்குபவருக்கு அது சரிவராது.

எத்தனை மாடி வரை?

பொதுவாக 10 முதல் 15 மீட்டர் உயரம் வரை, ஐந்து நிறுத்தங்கள் வரை செய்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்படும் வீட்டுக்கு வேறு வகையே சரி.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

நொடிக்கு 15 செ.மீ. என்பதால் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தளத்துக்கு 20 நொடி ஆகும். இதைக் காற்றழுத்த முறையின் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகாத கருவிகள் லிஃப்ட் சட்டத்தின் கீழ் வராமல், இயந்திரங்களுக்கான விதிகளின் கீழ் வருகின்றன. திருகில் ஏறுவது, எண்ணெயில் ஏறுவது என எத்தனையோ வீட்டு லிஃப்ட்டுகள் அதே வேகத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான். வீட்டுக்குள் இந்த வேகமே போதும். படியில் மூச்சு வாங்க நின்று நின்று ஏறுபவருக்கு 20 நொடி என்பது பெரிய வரம்.

சத்தம் எப்படி இருக்கும்?

இருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஏறும்போது பல வாக்குவம் கிளீனர்கள் சேர்ந்து ஓடும் சத்தம். டர்பைனுக்குப் பக்கத்தில் 80 டெசிபலைத் தாண்டும். இறங்கும்போது காற்று நுழையும் மெல்லிய ஓசை மட்டும்தான். உச்சித் தளத்தில், லிஃப்ட்டின் தலைக்குப் பக்கத்தில் படுக்கையறை இருந்தால் இரவில் தூக்கம் கெடும். டர்பைன் பெட்டியைச் சில மீட்டர் தள்ளி, மொட்டை மாடியிலோ பரணிலோ வைத்துக் குழாயால் இணைக்க முடியும். சுவர் எழுப்பும் முன்பே அந்தக் குழாய்க்கு வழி விட்டுவிடுங்கள்.

மின்செலவு அதிகமா?

ஏறும்போது மட்டும்தான் செலவு. 3 கிலோவாட் இழுக்கும் டர்பைன் தொகுதி ஒரு தளம் ஏற 20 நொடி ஓடினால், 60 தடவை ஏறிய பிறகுதான் ஒரு யூனிட் ஆகும். பெரிய அளவில் இது இரட்டிப்பாகலாம். அப்போதும் மாதக் கணக்கில் பார்த்தால் சொற்பம்தான்.

சிக்கனத்தில் இதுதான் முதலிடம் என்று சிலர் விளம்பரம் செய்வது மட்டும் சரியில்லை. கயிற்று லிஃப்ட்டில் எதிர் எடை கேபினின் பாரத்தைச் சமன் செய்துவிடும். இதில் முழு எடையையும் காற்றால்தான் தூக்க வேண்டும், டர்பைனிலும் சீலிலும் இழப்பு உண்டு. ஆனால் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறுவதே சில தடவைதான் என்பதால் இந்த வித்தியாசம் யாருடைய பில்லிலும் தெரியாது. உச்சியில் சூடான காற்று வெளியேறுமே, குளிரூட்டிய அறையின் குளிர் போய்விடாதா என்றும் கேட்கிறார்கள். ஒரு தளம் ஏறினால் வெளியேறுவது இரண்டு கன மீட்டருக்குக் குறைவான காற்று. கதவை ஒருமுறை திறந்து மூடினால் போவதைவிட அதிகமில்லை.

கட்டி முடித்த பழைய வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம், இதன் புகழுக்கே அதுதான் காரணம். கீழே குழி தோண்ட வேண்டாம், மேலே மெஷின் ரூம் வேண்டாம், சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டாம். குழாய் துண்டு துண்டாக வந்து, வீட்டுக் கதவு வழியாகவே உள்ளே போகும். இடம் தயாராக இருந்தால் நிறுவும் வேலை சில நாளில் முடிந்துவிடும். படிக்கட்டு வளையும் நடு இடம், மாடி முற்றத்தின் ஓரம் போன்ற இடங்களில் தளத்தை வெட்டாமலே பொருத்த முடிகிறது.

தளத்தை வெட்ட வேண்டியிருந்தால் மட்டும் அவசரம் கூடாது. கான்கிரீட் ஸ்லாப்பில் ஒரு மீட்டர் வட்ட ஓட்டை போடுவது சின்ன வேலை இல்லை. உள்ளே ஓடும் கம்பிகள் அறுபடும், அந்தப் பாரத்தை ஓரங்களுக்குக் கடத்த புதிய பீம் தேவைப்படலாம். லிஃப்ட் விற்பவர் சொல்லும் இடத்தில் வெட்டாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து வரைந்து கொடுத்த இடத்தில் வெட்டுங்கள். முன்னழுத்தக் கான்கிரீட் (உள்ளே கம்பிகளை இறுக்கி இழுத்து வைத்த கான்கிரீட்) என்றால் பொறியாளர் அனுமதி இல்லாமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது. குழாயின் எடையும் கேபினும் ஆட்களும் சேர்ந்து கீழ்த்தளத்தின் சிறிய வட்டத்தில் இறங்குகின்றன. அங்கே தரை உறுதியா, சமமா என்பதையும் அவரே பார்க்கட்டும். உச்சித் தளத்தில் டர்பைன் தலைக்குப் போதிய கூரை உயரம் இருக்கிறதா என்பதை முதல் நாளே அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் திட்டம் அடிபட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பாதுகாப்பா?

கேபின் அந்தத் தளத்தில் இல்லாதபோது கதவு திறக்கவே கூடாது. கதவு முழுதாகச் சாத்திப் பூட்டாதவரை கேபின் அசையவே கூடாது. இந்த இரண்டையும் நிறுவிய அன்றே ஒவ்வொரு தளத்திலும் நீங்களே இழுத்துப் பாருங்கள்.

எந்த வகை வீட்டு லிஃப்ட் வாங்கினாலும் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவில் பழைய வகை வீட்டு லிஃப்ட்டுகளில், தளத்தின் கதவுக்கும் கேபின் கதவுக்கும் இடையே இருந்த இடைவெளியில் சிறு பிள்ளைகள் புகுந்து, லிஃப்ட் கிளம்பியபோது நசுங்கி இறந்திருக்கிறார்கள். வெளிக்கதவைச் சாத்திய பிறகு உள்ளே ஒரு குழந்தை நிற்கும் அளவுக்கு எங்காவது இடம் மிஞ்சுகிறதா? 10 செ.மீ. பந்து அந்தச் சந்தில் நுழைந்தால் அதை அடைக்காமல் லிஃப்ட்டை ஓட்டாதீர்கள். சாவி போட்டு நிறுத்தும் வசதியும் கேளுங்கள். அந்தச் சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அளவுக்கு மேல் எடை ஏறினால்?

கிளம்பாது. டர்பைன் உண்டாக்கக்கூடிய அழுத்தக் குறைவுக்கு எல்லை இருக்கிறது. எடை அதைத் தாண்டினால் கேபின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தீப்பிடித்தால்?

எந்த லிஃப்ட்டிலும் ஏறக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும். பாலிகார்பனேட் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். தளத்தில் போட்ட வட்ட ஓட்டை புகை மேலே ஏறுவதற்கான வழி என்பதையும் நினைவில் வையுங்கள். குழாய்க்கும் ஸ்லாப்புக்கும் இடையில் உள்ள வளையச் சந்தைத் தீ தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்லுங்கள், இரண்டு தளத்திலும் புகை உணரி வையுங்கள். படியில் இறங்கவே முடியாதவர் மாடியில் தூங்குகிறார் என்றால், அவரை எப்படி வெளியேற்றுவது என்று லிஃப்ட் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே வைக்கலாமா?

கூடாது. பெரிய ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். உச்சி வெயிலில் கேபின் சுடும், தகடும் சீக்கிரம் மங்கும்.

என்ன பராமரிப்பு வேண்டும்?

எண்ணெய் மாற்றுவது, கயிறு மாற்றுவது எல்லாம் கிடையாது. கவனிக்க வேண்டியது சீல். காற்றை வைத்து வண்டி ஓட்டிய எல்லோரையும் சோதித்த இடமும் அதுதான். இங்கிலாந்தில் புருனெல் என்ற பெரும் பொறியாளர் 1847-இல் தெற்கு டெவனில் காற்றழுத்த ரயில் ஓட்டினார். குழாய்க்குள் ஓடிய பிஸ்டனை வெளியே உள்ள ரயிலோடு இணைக்கக் குழாயின் மேல் விட்டிருந்த பிளவை மூடிய தோல் மடல் காய்ந்து, கிழிந்து, காற்று கசிந்து, ஒரு வருடத்திலேயே அந்த முயற்சியைக் கைவிட நேர்ந்தது. இன்றைய சீல் எவ்வளவோ மேலானது, குழாயில் பிளவும் இல்லை. இருந்தாலும் தேய்வது அதுவே.

சீல் தேய்வதை வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடிக்கலாம். அதே ஆட்களோடு முன்பு 20 நொடியில் ஏறியது 25 நொடி எடுத்தால், இரைச்சல் கூடினால், இறங்கும் வேகம் மாறினால், காற்று எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கதவின் ரப்பரில் தலைமுடியோ மணல்துகளோ ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள். டர்பைன் வடிகட்டி, பூட்டுகள், பிரேக், அவசர பேட்டரி ஆகியவற்றை வருடத்துக்கு ஒருமுறையாவது பயிற்சி பெற்றவர் சோதிக்க வேண்டும். பிரேக்கை வெறுமனே கண்ணால் பார்த்துவிட்டுப் போகாமல் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

தகட்டை எதால் துடைப்பது?

வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு, மைக்ரோஃபைபர் துணி. முதலில் தண்ணீரால் தூசியை இறக்கிவிட்டுப் பிறகு துடையுங்கள். காய்ந்த தூசியோடு தேய்த்தால் அந்தத் தூசியே கீறிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், அசிட்டோன், தின்னர் எதுவும் படக் கூடாது. பாலிகார்பனேட் மங்கி, மெல்லிய வெடிப்பு விடும். வீட்டு வேலைக்கு உதவுபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருப்பதால் அவர் இயல்பாகக் கண்ணாடித் திரவத்தைத்தான் எடுப்பார்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

வீட்டு லிஃப்ட்டாக இதை உருவாக்கியவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கார்லோஸ் சோர்ஸ். அடிப்படை யோசனை பழையது. 1650-களில் ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு உலோக அரைக்கோளங்களுக்குள் இருந்த காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாததைக் காட்டினார். பாரிஸ் நகரில் 1866 முதல் 1984 வரை கடிதங்கள் காற்றுக் குழாய்களில் ஓடின. 1870-இல் ஆல்ஃபிரட் பீச் நியூயார்க் தெருவுக்கு அடியில் காற்றால் தள்ளும் பயணிகள் வண்டி ஒன்றைச் சிறிது தூரம் ஓட்டிக் காட்டினார்.

மற்ற வகைகளை விட்டு இதை ஏன் எடுக்க வேண்டும்?

குழி தோண்ட முடியாத, இடம் குறைவான, இரண்டு மூன்று தளம் உள்ள வீடு, ஏறுபவர் நிற்கக்கூடியவர், வீட்டுக்குள் வெளிச்சம் மறையக் கூடாது. இவை மூன்றும் பொருந்தினால் இதை எடுங்கள். சக்கர நாற்காலியோடு துணையாளும் ஏற வேண்டும், அல்லது சத்தமே ஆகாது என்றால் திருகு வகையோ கயிற்று வகையோ பாருங்கள். எண்ணெயழுத்த வகை அதிக எடைக்கு நல்லது, ஆனால் எண்ணெய்த் தொட்டிக்கும் பம்புக்கும் தனி இடம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும்?

சேவைக்கு வருபவர் எந்த ஊரில் இருக்கிறார், கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார். சீலும் டர்பைனும் இருப்பில் இருக்குமா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா. உங்கள் நாட்டில் வீட்டு லிஃப்ட்டுக்கு உரிமமும் ஆய்வும் தேவையா, அதை யார் வாங்கித் தருவார்கள். கேபினுக்குள் தொலைபேசியோ அலாரமோ இருக்கிறதா, மின்சாரம் போனாலும் அது வேலை செய்யுமா என்றும் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு இதுதான் உயிர்நாடி. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம், அவர் அதை மேசையில் வைத்துவிட்டு ஏறியிருப்பார்.

வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாமா?

துண்டுகளாகச் சேர்த்ததால் கழற்ற முடியும். புதிய வீட்டில் தளங்களுக்கு இடையிலான உயரம் வேறாக இருந்தால் சில பகுதிகளைப் புதிதாக வாங்க வேண்டும். கழற்றும்போது சீல்களையும் மாற்றிவிடுவதே நல்லது. பழைய வீட்டின் ஸ்லாப்பில் உள்ள ஓட்டையை மூட மறுபடியும் பொறியாளர் வர வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வாங்குபவருக்கே லிஃப்ட்டையும் சேர்த்து விட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.